பம்பாய்-17

முதல் நாள்

நாகர்கோவிலிலிருந்து மும்பை போகும் எக்ஸ்பிரஸில் காலையில் திருநெல்வேலியில் ஏறினேன். பக்கவாட்டில் கீழ்ப் படுக்கை கிடைத்தது. ஒன்றரை நாள் பயணத்துக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேண்டாம். பையில் புளியோதரை, போகிற வீடுகளுக்குக் கொடுக்க நான்கு கிலோ கருப்பட்டி, மாற்றுப் புடவைகளுக்கு அடியில் ஒரு லாங் சைஸ் நோட்டு.

நோட்டு அப்பாவுடையது. போன ஆடியில் காலமானார். எண்பத்தேழு வயது. நாங்குநேரிப் பக்கம் வானம் பார்த்த பூமியில், ஊராட்சி ஒன்றியத் துவக்கப்பள்ளி ஒன்றில் 1961 முதல் 1995 வரை வேலை பார்த்தார். அதில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது ஓராசிரியர் பள்ளி. ஒன்றாம் வகுப்பை மணலில் ‘அ’ போட உட்கார வைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவார். இடையில் உள்ள மூன்று வகுப்புகளையும் ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரன் எவனாவது மேய்ப்பான். 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்து, பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்று விதி ஆன பிறகுதான் அவருக்குத் துணைக்கு ஒரு டீச்சர் வந்தார். அதுவரைக்கும் அவரே தலைமையாசிரியர், அவரே உதவியாசிரியர், அவரே மணி அடிப்பவர். ஊரில் ‘பெரிய சார்’ என்பார்கள். சின்ன சார் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

இதெல்லாம் எல்லாக் கிராமத்து வாத்தியாருக்கும் உள்ள கதைதான். நோட்டின் கதை வேறு.

எங்கள் ஊரில் மழை தவறிய வருடமெல்லாம் பையன்கள் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். அநேகமாகத் தாராவிக்கு. அங்கிருந்து கடிதம் வரும். அந்தக் காலத்தில் தபால் கொண்டுவந்தவர் மேற்குத் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார். ஏன் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கடிதங்களைப் பள்ளிக்கூடத் திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாளடைவில் பையன்களே ‘மேற்பார்வை: தலைமையாசிரியர்’ என்று விலாசம் எழுதத் தொடங்கினார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அம்மாக்களும் ஆச்சிகளும் வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். அப்பா படித்துக் காட்டுவார். பதில் சொல்லச் சொல்ல எழுதுவார். எல்லாவற்றையும் இந்த நோட்டில் பதிந்தார். 1966இல் தொடங்குகிறது. ஊருக்குத் தொலைபேசி பூத் வந்த 1993இல் முடிகிறது.

பெயர்கள் கிடையாது. பள்ளிச் சேர்க்கை எண் மட்டும். நானும் அப்படியே எழுதப்போகிறேன். மற்றவர்கள் வீட்டு விஷயம் இது. கடைசிப் பக்கத்தில் எண்ணுக்கு நேராக விலாசம். நாற்பத்தொரு விலாசங்கள். முக்கால்வாசி ‘பம்பாய்-17’ என்று முடிகின்றன. பின்கோடு வந்த பிறகு அதையே 400017 ஆக்கித் திருத்தியிருக்கிறார், சிவப்பு மையில்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பத்திகள். தேதி, எண், வந்தது அல்லது போனது, விவரம், விட்டது. இந்த ‘விட்டது’ என்பதைத் தபாலில் விட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சரியாகப் படித்துப் பார்த்தது இன்று மதியம், மதுரை தாண்டிய பிறகு. ஒரு வரியை அப்படியே தருகிறேன்.

‘12.6.74 – 131 – வந்தது – நலம். வேலை கிடைத்தது. ரூ. 30 மணியார்டர். – பட்டறை மிஷினில் வலது கை இரண்டு விரல் போயிற்று.’

கடைசி வாசகம் இருப்பது ‘விட்டது’ பத்தியில். படிக்காமல் விட்டது. அந்தத் தாய்க்கு அப்பா படித்துக் காட்டாமல் விட்டது.

நோட்டை மூடிவிட்டேன். அதன் பிறகு புளியோதரை இறங்கவில்லை.

இரண்டாம் நாள்

காலையில் குண்டக்கல், ராய்ச்சூர். பிறகு சோலாப்பூர் வரைக்கும் கண்ணுக்கெட்டியவரை கரிசல். லோனாவாலா தாண்டிச் சுரங்கங்களுக்குள் நுழைந்து நுழைந்து இறங்கும்போது பெட்டியில் இருந்த குழந்தைகள் எல்லாம் கத்தின. ஒரு குழந்தையின் தாத்தாவும் கத்தினார்.

தாதரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. ஆண்டாப் ஹில்லில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் சித்தி மகள் இருக்கிறாள். தைக்கு முன்னால் மும்பை கொஞ்சம் குளிரும் என்றார்கள். எனக்கு வியர்த்தது.

ரயிலில் முழு நோட்டையும் படித்து முடித்துவிட்டேன். எல்லாமே கண்ணீர் இல்லை. ‘போனது’ வரிசையில் ஒன்று: ‘விட்டது – மூத்த மருமகளைப் பற்றித் தாயார் சொன்ன வசவு முழுவதும்.’ இன்னொன்று: ‘விட்டது – நான் திருத்திய பாட்டு.’ என்ன பாட்டு, ஏன் திருத்தினார், யாருக்கும் இனித் தெரியாது.

மூன்றாம் நாள்

தாராவியை மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் மாஹிம், ஒரு பக்கம் சயான், வடக்கே உப்பங்கழி. மொத்தமே இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே நம் ஊர்த் தோல்காரர்கள் இங்கே வந்து பதனிடும் கொட்டகைகள் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் எழுப்பிய பெரிய மசூதிக்கு வயது 130 தாண்டிவிட்டது. தொண்ணூறு அடி சாலையில் நடந்தால் காமராசர் பெயரில் பள்ளி, பாத்திரக்கடை, நகைக்கடை, வாழையிலைக் கட்டு, தினத்தந்தி. திசையன்விளைச் சந்தைக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்கும்போது பெஸ்ட் பஸ் ஒன்று குறுக்கே வந்து மராத்தியில் பெயர்ப்பலகை காட்டும்.

விலாசத்தை வைத்துக்கொண்டு வீடு தேடுவது நடக்காத காரியம். பழைய சால்கள், அதாவது வரிசை வீடுகள், பல இடிந்து மாடிக் குடியிருப்புகள் ஆகிவிட்டன. மிச்சம் இருக்கும் வீடுகளில், மறுசீரமைப்புக்குக் கணக்கெடுத்தவர்கள் வண்ணத்தில் புது எண் எழுதிப் போயிருக்கிறார்கள். அப்பா எண், அரசாங்க எண், வாசலில் தகரத்தில் அடித்த எண் என்று ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள்.

நல்லவேளை, எண் 88 இட்லிக்காரர். இட்லிக்காரரைத் தாராவியில் யாரும் தேட வேண்டியதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஆவி பறக்கும் சந்தாகப் பார்த்து நுழைந்தால் போதும். நான்கரைக்கு நான் போனபோது அண்ணாச்சி துணியை உரித்து இட்லிகளை அலுமினியப் போணியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு மகன்களும் சைக்கிளில் போணியைக் கட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரனைச் சரிபார்த்தார்கள். ஆறு மணிக்குள் தாதர், பரேல், வொர்லி என்று போய்விடுவார்கள். அந்த ஹாரன் சத்தம் கேட்டால் மும்பையில் குஜராத்திக்காரரும் பாத்திரத்தோடு இறங்கி வருகிறார்.

“பெரிய சார் மகள்” என்றதும் அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுபத்தொரு வயது மனிதர். எனக்காக அல்ல, அந்தப் பெயருக்காக. இருந்தாலும் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். அவருடைய அம்மா அனுப்பிய இன்லண்டு கடிதங்கள். அதாவது அப்பா எழுதியவை. ‘அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.’ அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. கடிதம் முடிந்து, கைநாட்டுக்குக் கீழே, சிவப்பு மையில் ஒரு பின்குறிப்பு:

‘சென்ற கடிதத்தில் பனம் அனுப்பியுள்ளேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு இங்கேயே பனை இருக்கிறது. பம்பாயிலிருந்து பனம்பழம் எதற்கு? பணம். ஐந்து முறை எழுதி அனுப்பவும்.’

“அனுப்பினீர்களா?”

“அனுப்பாமல்? அடுத்த இன்லண்டில் ஓரமாக எழுதி அனுப்புவேன், தங்கச்சி. ஒரு தடவை அவசரத்தில் நான்கு முறைதான் எழுதினேன். ‘ஒன்று பாக்கி’ என்று அடுத்த கடிதத்தில் வந்துவிட்டது.”

எல்லாரிடமும் இப்படித்தானாம். ர–ற, ல–ள–ழ, ன–ண. மிஷினில் நின்றவனும் மூட்டை தூக்கியவனும் ராத்திரி தெருவிளக்கில் உட்கார்ந்து ‘அறை’, ‘அரை’ எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் விதிவிலக்கு இல்லை. நான் பாளையங்கோட்டை விடுதியிலிருந்து எழுதிய கடிதங்கள் சிவப்புச் சுழிகளோடு திரும்பி வரும். ஒரு மகள் ‘வீட்டு நினைவாகவே இருக்கிறது’ என்று எழுதினால், ‘நினைப்பாகவே’ என்பது இன்னும் பொருத்தம் என்று பதில் எழுதுகிற தகப்பனை என்ன செய்வது?

டின்னில் ஒரு போஸ்ட்கார்டும் இருந்தது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது நினைவிருக்கும். லை, னை, ணை, ளை எழுத்துகளுக்கு முன்னால் இருந்த தும்பிக்கை போயிற்று. ணா, றா, னா எழுத்துகளில் கீழே இறங்கிச் சுழிந்த வால் போய், தனியாகக் கால் வந்தது. ஒகர ஓகார வரிசையையும் சேர்த்தால் பதின்மூன்று எழுத்துகள். அந்தப் பதின்மூன்றையும் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று எழுதி, நாற்பத்தொரு பேருக்கும் கார்டு போட்டிருக்கிறார் அப்பா. ‘அரசாணை. இனி இப்படியே எழுத வேண்டும்.’ அந்தக் கார்டுச் செலவுக்காக அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. பழைய எழுத்தில் படித்து, பாதி வழியில் புதிய எழுத்துக்கு மாறிய கூட்டம் நான்.

“மாறினீர்களா அண்ணாச்சி?”

“நான் மாறிவிட்டேன். 214 மாறவில்லை. அவன் இன்றைக்கும் பழைய எழுத்துதான். பெரிய சார்மேல் அவனுக்குக் கோபம்.”

ஏன் என்று கேட்டேன். அண்ணாச்சி சட்னியைக் கிளறப் போய்விட்டார்.

எனக்குத் தெரியும். 214இன் பக்கத்தைத்தான் ரயிலில் நான்கு முறை படித்திருந்தேன்.

நான்காம் நாள்

எண் 131ஐப் பார்த்தேன். தோல் பை, பெல்ட் விற்கும் கடை. பின்னால் சிறிய தையல் பட்டறை. 1971இல் ஆடு மாடு அறுக்கும் தொட்டியைத் தேவனாருக்கு மாற்றிய பிறகு பதனிடும் தொழில் இங்கே தேய்ந்துவிட்டது, இப்போது பதமான தோல் வெளியிலிருந்து வருகிறது என்றார். பேசும்போதே ஒரு பெல்ட்டை இழுத்துக் காட்டினார். மூன்று விரல்களால்.

விரல் போனதை அப்பா படிக்கவில்லை என்பது தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“1977இல் ஊருக்குப் போனேன். அம்மா என் கையைப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு நடக்கும்போதே உங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ‘படிக்கிறவருக்குக் கண் எதற்கு’ என்று கேட்டாளாம். அதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு பேச்சு: பெரிய சார் படித்தால் பாதி, பிள்ளைகள் படித்தால் மீதி.”

அதற்கு அர்த்தம் எனக்குச் சட்டென்று விளங்கியது. அப்பா படித்துக் கொடுத்த கடிதத்தை அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், நான்காவது ஐந்தாவது படிக்கும் பிள்ளை எதையாவது பிடித்து மறுபடியும் படிக்கச் சொல்வார்கள். பிள்ளை எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாவற்றையும் படித்துவிடும். எதை விடுவது என்று அதற்குத் தெரியாது. நானே அப்படி இரண்டு மூன்று வீடுகளில் படித்திருக்கிறேன். கூலி ஒரு சில்லுக் கருப்பட்டி. அப்பா மறைத்ததை அப்பா சொல்லிக்கொடுத்த படிப்பே போட்டு உடைத்திருக்கிறது. அவருக்கு இது தெரிந்திருக்காது என்று நான் நம்பவில்லை.

ஆனால் அந்த வழி வருகிற கடிதத்துக்கு மட்டும்தான். போகிற கடிதத்தில் விட்டதை யார் படித்துச் சொல்வது?

மத்தியானம் தாதர் ஹிந்து காலனிக்குப் போய், அம்பேத்கர் வாழ்ந்த ராஜகிருஹத்தைப் பார்த்தேன். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்களுக்கு இடம் வேண்டுமென்றே கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் வாசலிலிருந்தே பேச்சுக் குறைந்துவிடுகிறது. அப்பா பள்ளியில் காந்தி, நேரு, பாரதி படங்களோடு அவர் படத்தையும் மாட்டினார். அதற்காக ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மாதம் அவரோடு முகம் பார்த்துப் பேசவில்லை. அந்தச் சண்டையை இங்கே எழுதத் தொடங்கினால் ரயிலைப் பிடிக்க முடியாது.

திரும்பும்போது லோயர் பரேலில் இறங்கி நடந்தேன். துணி மில்கள் இருந்த இடமெல்லாம் கண்ணாடிக் கோபுரங்கள், வணிக வளாகங்கள். ஒன்றிரண்டு புகைபோக்கிகளை அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இங்கே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மில்கள் அதற்குப் பிறகு எழவேயில்லை. வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறைப்படி யாரும் அறிவிக்கவுமில்லை. 214 இங்கே ஒரு மில்லில் ஆறு வருடம் பத்லியாக, அதாவது ஆள் வராத நாளைக்கு மாற்றாளாக, வாசலில் நின்று நின்று நிரந்தரம் ஆனவர்.

ராத்திரி அவருக்குத் தொலைபேசினேன். “பெரிய சார் மகளா? சரி. வேலை இருக்கிறது” என்று வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள்

இட்லி அண்ணாச்சி சமாதானம் பேசியிருக்கிறார். “சாயங்காலம் வரச் சொன்னான். கருப்பட்டி கொண்டு போ” என்றார்.

போகிற வழியில் ஒரு சந்து முனையில் நின்றுவிட்டேன். கடைக்கு மேலே பளபளவென்று புது ஃபிளெக்ஸ் பலகை. ‘இட்லிக் கடை’. அதில் ‘க்’ மட்டும் எறும்பு மாதிரி, ‘லி’க்கும் ‘க’வுக்கும் நடுவில் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கிறது.

“எங்கள் அப்பா இங்கே வந்தாரா?” என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். 1996இல், ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரே ஒரு முறை வந்திருக்கிறார். கேட்வே ஆஃப் இந்தியா காட்டக் கூட்டிப் போனால் அங்கே ஐந்து நிமிடம் நின்றாராம். தாராவிக்குத் திரும்பிய பிறகு மூன்று நாளும் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்திருக்கிறார். இந்தக் கடையில் ‘இட்லி கடை’ என்று இருந்தது. ஒற்று மிகும் என்று கடைக்காரரிடம் அரை மணி நேரம் விளக்கம். கடைக்காரர் பயந்துபோய் பெயின்டரைக் கூப்பிட்டார். இடம் இல்லாததால் பெயின்டர் ‘க்’ஐ இடுக்கில் செருகினார். பிறகு மூன்று தடவை பலகை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பழையதைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் அடிக்கும் பையனும் அளவெடுத்துச் சின்னதாகவே போட்டிருக்கிறான்.

214 அறுபது அடி சாலைக்குப் பக்கத்தில், ஏழாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நீளமான மனிதர், வெள்ளை மீசை. “வா தங்கச்சி” என்றார். உட்காரச் சொன்னார். மருமகள் டீ கொண்டுவந்தாள். மகன், பேரன் படிப்பு, தண்ணீர் வரும் நேரம் என்று கால் மணி நேரம் சுற்றிவிட்டு, “எதற்கு வந்தாய்?” என்றார்.

நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி அவர் மடியில் வைத்தேன். நான் பேசியிருந்தால் அப்பாவுக்கு வக்கீலாகிவிட்டிருப்பேன்.

‘2.2.82 – 214 – வந்தது – நலம். மில்லில் விடுமுறை. – வேலைநிறுத்தம். கூலி இல்லை. ஒருவேளைச் சாப்பாடு.’

‘3.3.82 – 214 – போனது – நலம். வெள்ளாடு இரண்டு குட்டி. – மேலுக்கு முடியவில்லை, ஒரு நடை வந்து மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்க சார், அம்மா வரச் சொன்னாள் என்று எழுதுங்க. (வேலைநிறுத்தம் முடியட்டும்.)’

‘29.3.82 – 214 – தந்தி.’

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் நகர்த்திப் படித்தார். அப்பாவிடம் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார். வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள்.

“நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள்” என்றார். “மண் காய்ந்துவிட்டது. சாரிடம் கேட்டேன். ‘அம்மா ஒன்றுமே சொல்லவில்லையா?’ பதிலே சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை என்று.”

நான் பேசாமல் இருந்தேன்.

“‘ஒரு நடை’ என்றுதான் சொல்வாள்” என்றார் பிறகு. குரல் மாறியிருந்தது. “‘ஒரு நடை வந்துட்டுப் போ.’ கடைக்கு அனுப்பினாலும் அப்படித்தான். என்னிடம் முப்பத்தாறு கடிதம் இருக்கிறது. ஒன்றில்கூட அம்மா பேசவில்லை. எல்லாம் சார் பேசியது. இலக்கணச் சுத்தமாக. அவள் பேசியதை இந்தப் பத்தியில் அல்லவா ஒளித்து வைத்திருக்கிறார்.”

நோட்டு ஒரு ராத்திரி தன்னிடம் இருக்கட்டும் என்றார். நான் தயங்கினேன். நாற்பது வீட்டு ரகசியம். அவருக்கு விளங்கிவிட்டது.

“பயப்படாதே. அடுத்தவன் நோட்டைப் பார்த்தால் பெரிய சார் பூவரசங் கம்பை எடுப்பார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.”

ஆறாம் நாள்: பொங்கல்

தொண்ணூறு அடி சாலை முழுக்க அடுப்பு. செங்கல்லை வரிசையாக வைத்து, நூற்றுக்கணக்கான பெண்கள் நடு ரோட்டில் பொங்கல் வைக்கிறார்கள். பானை பொங்கினால் குலவை. சாதி மத வேறுபாடு இல்லாமல் கூடுவார்கள் என்று சித்தி மகள் சொன்னாள். எனக்குப் புகையில் யார் முகமும் தெரியவில்லை. அதனால் சரியாகத்தான் இருக்கும். முறுக்கு சுடும் அக்கா ஒருத்தி, எண் 160, அப்பா தன்னைக் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லி, சரியாகப் போட்டதும் வகுப்பே கைதட்டியதைச் சொன்னாள். அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ மூட்டையில் வந்த கோதுமையில் கிண்டிய உப்புமாவின் மணத்தையும் சொன்னாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

பத்து மணிக்கு 214 வந்தார். சலவை வேட்டி. நோட்டைத் தினத்தந்தியில் சுற்றிக் கையில் கொடுத்தார். நேற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு தொன்னைப் பொங்கல் சாப்பிட்டார். “முந்திரி குறைவு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி ரயில்.

ஏழாம் நாள்: திரும்பும் வழி

காலையில் பொட்டலத்தைப் பிரித்தேன். சொன்னபடியே மற்ற பக்கங்கள் எதிலும் கை படவில்லை. அவருடைய பக்கத்தில், 3.3.82க்கு நேராக, ‘விட்டது’ பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. அடியில், கட்டம் கட்டி:

‘அம்மா வரச் சொன்னாள். ஐந்து முறை எழுதவும்.’

‘சொன்னாள்’ என்பதில் ‘னா’ பழைய எழுத்து. வால் கீழே இறங்கிச் சுழிந்து மேலே ஏறுகிறது. இதை என் விசைப்பலகையில் தட்ட முடியாது. மேலே நான் போட்டிருப்பது புதிய எழுத்துதான்.

எதிர்ப் படுக்கைப் பையனிடம் பேனா வாங்கினேன். நோட்டில் அந்தக் கட்டத்துக்குக் கீழே ஐந்து வரிக்குச் சரியாக இடம் இருக்கிறது. முதல் இரண்டு தடவையும் ‘னா’ கோணிவிட்டது. கை மறந்துபோன எழுத்து, ரயில் வேறு ஆடுகிறது. மூன்றாவது ஒருமாதிரி வந்தது. குண்டக்கல்லில் வண்டி நிற்கும். மீதி இரண்டையும் அங்கே எழுதிக்கொள்கிறேன்.